ஷூ முதலில், கேபிள் கடைசியில்

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். “கேபிள் லூசாயிடுச்சுண்ணே. கொஞ்சம் டைட் பண்ணிக் குடுத்தா போதும்.” தம்பின் வட்டாரத்துத் தோட்ட வண்டிகளில் கைவைத்த இத்தனை காலத்தில் இந்தப் பேச்சைக் கேட்ட அளவுக்கு வேறெதையும் நான் கேட்டதில்லை. சொல்கிறவர் மேல் தப்பில்லை. கைப்பிடியை இழுத்தால் வழக்கத்தைவிட அதிகம் வருகிறது. கைப்பிடியில் மாட்டியிருப்பது கேபிள். ஆகவே கோளாறு கேபிளில்தான் என்று அவருக்குப் படுகிறது. ஆனால் கேபிள் எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கயிறு. புதிதில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், பிறகு பல ஆண்டு அப்படியே கிடக்கும். நாள்தோறும் தேய்வது சக்கரத்துக்குள் இருக்கிற ஷூவின் லைனிங். அதோடு டிரம்மின் உள்வட்டமும் மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளிதான் கைப்பிடியில் தெரிகிறது. இடைவெளி எங்கே விழுந்ததோ அங்கேயே அதை அடைக்க வேண்டும். கேபிள் நட்டைத் திருகினால் அது அடைபடாது, மறைந்துதான் போகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஊரும் ஒரு காரணம். தம்பின் மலையடிவார ஊர். பூலாவ் செபாங் பக்கம் போனால் மலாக்கா மாநிலம், இந்தப் பக்கம் நெகிரி செம்பிலான். ரெப்பா, ரீஜன்ட், சுங்கை கெலாமா என்று கெமஞ்சே வரைக்கும் தோட்டங்கள் கிடக்கிற நிலம் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். கித்தா என்கிற ரப்பர் இருந்த காலத்தில் பால் லோரி மேட்டிலும் பள்ளத்திலும் நின்று நின்று பால் எடுக்கும். செம்பனை வந்த பிறகு குலை ஏற்றுகிற வண்டி மண் சாலையோரம் எங்கே குலை குவிந்திருக்கிறதோ அங்கே நின்றாக வேண்டும். முற்றிய மரத்துக் குலை ஒன்று 20 கிலோவுக்கு மேல் வரும். அதைக் கம்பியில் குத்தித் தூக்கிப் போடுகிறவர்கள் வண்டியின் பின்னாலும் பக்கத்திலும்தான் நிற்பார்கள். ஓட்டுநரும் இறங்கிக் கைகொடுப்பார். இருக்கையில் ஆள் இல்லாத அந்த நேரத்தில் சரிவில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது ஹேண்ட்பிரேக். ஏற்ற ஏற்ற எடை கூடும். ஏற்றத் தொடங்கும்போது நின்ற வண்டி பாதி ஏற்றியதும் நகரக்கூடும் என்பது தோட்டத்தில் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும்.

என் அப்பா பால் லோரி ஓட்டினார். பள்ளி முடிந்ததும் என்னைத் தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்த பெரியவரிடம் சேர்த்துவிட்டார். எல்லாரும் அவரைப் பிட்டர் என்றே கூப்பிட, நான் மட்டும் மாமா என்பேன். அவர் கை பழகியது லேண்ட்ரோவரில். 1948-இல் அந்த இங்கிலாந்து வண்டி வெளிவந்தது. இங்கே மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தோட்டத்துரைமார்களுக்கு அது தோதான வண்டி. அந்தப் பழைய லேண்ட்ரோவரில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் கிடையாது. கியர்பெட்டிக்குப் பின்னால், பின்பக்கத்துப் புரோப்பலர் ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் தனியாக ஒரு டிரம் இருக்கும். பின்சக்கரத்து ஷூவை எத்தனை தடவை மாற்றினாலும் ஹேண்ட்பிரேக்குக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதனால்தான் மாமா எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் என்னைக் கீழே படுக்கச் சொல்வார். “கையில இழுக்கிறது எங்க போய்ப் பிடிக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுடா.” கைப்பிடியில் தொடங்கிக் கேபிள் வழியே கையால் தடவிக்கொண்டே போய், அது முடிகிற இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இன்றைக்கும் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடம் அதுவே.

அந்த நாளில் புது ஷூ வாங்குவது அரிது. பழைய ஷூவின் இரும்பை வைத்துக்கொண்டு லைனிங்கை மட்டும் ஆணியடித்து மாற்றுவோம். ஆணித் தலை லைனிங்கின் முகத்துக்குக் கீழே நன்றாக அமுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொஞ்சம் தேய்ந்ததுமே தலை டிரம்மைக் கீறும். இரண்டு முனையையும் அரத்தால் சரித்துவிட வேண்டும். அரம் போடுகிறபோது பறந்த தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலில் போய்த் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றாகும் என்று பட்டறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காற்றுக்குழாயை வைத்து டிரம்மை ஊதித் துடைப்பது சாதாரணம். இப்போது என் பட்டறையில் டிரம்மைக் கழற்றியதும் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைப்பதுதான் வழக்கம். லைனிங் பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று போட்டிருந்தாலும் சரி, காற்றுக்குழாயை யாரும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

லேண்ட்ரோவர் போய் டொயோட்டா ஹைலக்ஸ் வந்ததும் வேலையே மாறியது. ஹைலக்ஸில் கால் பிரேக்குக்கும் கை பிரேக்குக்கும் பின்சக்கரத்தில் அதே ஷூதான். காலால் மிதித்தால் வீல் பம்ப் ஷூக்களை விரிக்கும். கையால் இழுத்தால் பின் ஷூவில் மாட்டியிருக்கிற லீவரைக் கேபிள் இழுக்கும், லீவர் குறுக்குக் கம்பியைத் தள்ளும், ஷூக்கள் விரியும். பழைய ஹைலக்ஸில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. தேயத் தேய இடைவெளியைத் தானே குறைக்கிற அட்ஜஸ்டர் அதில் ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போதுதான் திரும்பும். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற கைப்பிடியை இழுக்கிற பழக்கமே இல்லாமல் கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போகிற ஓட்டுநரின் வண்டியில் அட்ஜஸ்டருக்கு வேலையே இருக்காது. ஷூ தேயும், கால் பிரேக் பெடல் நாளுக்கு நாள் கீழே போகும், அவரோ பம்ப் கெட்டுப்போச்சு என்று வருவார். ஹேண்ட்பிரேக்கைத் தினமும் இழுங்கள் என்று சொன்னால் அது தேய்ந்துவிடுமே என்று பதில் வரும். அது அப்படி இல்லை என்பதை டிரம்மைத் திறந்து காட்டித்தான் புரியவைக்க முடிகிறது.

கேபிளை முதலில் முடுக்கினால் என்ன ஆகும் என்பதும் டிரம்மைத் திறந்தால்தான் தெரியும். ஓய்வில் இருக்கும்போது லீவர் தன் இருப்பிடத்துக்கு முழுவதும் திரும்பி வந்து உட்கார வேண்டும். முடுக்கிய கேபிள் அதை எப்போதும் கொஞ்சம் இழுத்தபடி வைத்திருக்கும். அப்புறம் கைப்பிடியை இழுத்தால் லீவருக்கு மிச்சம் இருக்கிற பயணம் குறைவு. அட்ஜஸ்டரின் கொக்கி அடுத்த பல்லைப் போய் எட்டாது. தானாகச் சரிசெய்துகொள்கிற வேலை அன்றோடு நின்றுவிடும். லைனிங் தேய்ந்துகொண்டே போகும், ஆறு மாதத்தில் கைப்பிடி மறுபடி மேலே வரும், மறுபடி நட்டைத் திருகுவார்கள். திருகுவதற்கு மரையே மிச்சமில்லாமல் வந்த வண்டிகள் உண்டு. அப்படி வந்த ஒன்றில் ஷூவை மாற்றியவர்கள் கேபிளை இளக்காமலே புது ஷூவைப் பூட்டியிருந்தார்கள். இழுபட்ட லீவரோடு டிரம் உள்ளே போகாது அல்லவா? அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே சுருக்கி டிரம்மை ஏற்றிவிட்டார்கள். கைப்பிடி அருமையாகப் பிடித்தது. கால் பிரேக்கோ இரண்டு தடவை மிதித்தால்தான் மேலே வந்தது. ஓட்டுநர் அந்த வண்டியைச் சிரம்பான் வரைக்கும் ஓட்டிப் போய் வந்திருக்கிறார். எந்தப் பட்டறை என்று நான் கேட்கவில்லை.

ஆகவே என் வரிசை மாறாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் அடைக்கட்டை. கைப்பிடியை விட்டுவிட்டுக் கேபிள் நட்டை நன்றாக இளக்கிவிடுவேன். டிரம் வர மறுத்தால் சுத்தியலால் விளிம்பை அடிக்க வேண்டியதில்லை. டொயோட்டா டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளை வைத்திருக்கிறான். இரண்டு போல்ட்டை மாறி மாறித் திருகினால் டிரம் தானே வெளியே வரும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடவே கூடாது. ஒரு பக்கம் முடிகிற வரைக்கும் மறுபக்கம் பார்த்துக்கொள்ள மாதிரியாக நிற்கட்டும். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற சந்தேகம் தீரும். அதைவிட முக்கியம் அட்ஜஸ்டர். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர். மாற்றிப் போட்டால் இறுக வேண்டியது ஒவ்வொரு இழுப்புக்கும் இளகிக்கொண்டே போகும்.

திறந்ததும் முதலில் நான் பார்ப்பது எண்ணெய். அச்சின் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தால் அந்தப் பக்கம் எதைச் செய்தாலும் பிடிக்காது. பெட்ரோல் ஊற்றிக் கழுவிக் காயவைத்து மறுபடி போடுகிற பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. லைனிங் குடித்த எண்ணெய் சூடேறும்போது திரும்ப வெளியே வரும். சீலை மாற்று, பிறகு ஷூவைப் பேசலாம். அடுத்தது டிரம். எவ்வளவு வரைக்கும் தேயலாம் என்பதை வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். 295 மில்லிமீட்டர் டிரம் என்றால் 297-க்கு மேல் போகக் கூடாது. லைனிங் ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. பின்தட்டில் ஷூ உரசி நகர்கிற மேட்டுப் பகுதிகளைச் சுரண்டிச் சுத்தம்செய்து, சூடு தாங்குகிற கிரீஸை விரல் நுனியால் மெலிதாகத் தடவுவேன். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொண்டு திரும்பாது. கிரீஸ் தடவிய விரலோடு லைனிங்கைத் தொடாமல் இருப்பதற்கும் பழகிக்கொள்ள வேண்டும்.

பழைய ஹைலக்ஸ்களில் எங்கள் ஊர் மண் முதலில் கெடுப்பது பெல்கிராங்க்கை. பின்தட்டுக்கு வெளியே, கேபிளின் இழுப்பைத் திசைமாற்றி உள்ளே அனுப்புகிற சின்ன மடக்குக் கை அது. மேலே ஒரு ரப்பர் உறை இருக்கும். உறை கிழிந்ததும் செம்மண் சேறு உள்ளே போய் அச்சாணி துருப்பிடித்து இறுகிவிடும். இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. ஷூ டிரம்மிலேயே உரசிக்கொண்டு கிடந்து புது லைனிங்கைச் சில வாரத்தில் தின்றுவிடும். ஷூ மாற்றுகிற யாரும் இதைக் கழற்றிப் பார்க்காமல் விடக் கூடாது. கழற்றித் துருவை எடுத்துக் கிரீஸ் வைத்து, புது உறை போட வேண்டும். அதன் தடுப்பு போல்ட்டில் விட வேண்டிய இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரைதான். கண்ணால் மட்டிட முடியாத அளவு, அதனால் தகட்டு அளவி இல்லாமல் அங்கே கைவைப்பதில்லை.

இனி அட்ஜஸ்டர். டிரம்மைப் போட்டபின் பின்தட்டில் ரப்பர் மூடியை எடுத்தால் ஒரு நீள்துளை தெரியும். அது வழியே தட்டை ஸ்குரூடிரைவரை விட்டுப் பல் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ள வேண்டும். சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகுகிற வரைக்கும் தள்ளி, பிறகு உள்ளேயிருக்கிற கொக்கியை இன்னொரு ஸ்குரூடிரைவரால் விலக்கிப் பிடித்துக்கொண்டு கையேடு சொல்கிற அளவு பின்னால் திருப்ப வேண்டும். அதற்குமேல் பலர் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. வண்டியில் ஏறிக் கால் பிரேக்கைச் சில தடவை நன்றாக மிதிக்க வேண்டும். கையால் பூட்டிய ஷூ டிரம்முக்கு நடுவில் உட்கார்ந்திருக்காது. மிதித்தபின்தான் தன் இடத்தை எடுத்துக்கொள்ளும். இறங்கி வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் முன்பு உரசியது இப்போது தாராளமாகச் சுற்றும். மறுபடி ஓரிரு பல் தள்ள வேண்டியிருக்கும். மிதித்து, சுற்றி, தள்ளி, மாற்றமில்லை என்று ஆகிற வரைக்கும் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிதாக உரசுகிற சத்தம் வந்தால் போதும். இந்தக் காத்திருப்புக்குத்தான் இளைஞர்களுக்குப் பொறுமை வருவதில்லை.

சிஜில் கெமாஹிரான் மலேசியா என்ற தொழில்திறன் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டு என்னிடம் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, கைப்பிடி இத்தன கிளிக்குல நிக்கணும்னு புக்குலயே இருக்கே. அந்தக் கிளிக்கு வர்ற வரைக்கும் நட்டைத் திருகினா கணக்கு சரியாப் போயிடுமே?” நல்ல கேள்வி. “கிளிக்கு வந்துரும்ப்பா. ஆனா புக்குல அதுக்கு முன்னால ஒரு வரி இருக்கும். ஷூ இடைவெளியைச் சரிபண்ணிட்டுத்தான் இத செய்யணும்னு. அதப் படிச்சியா?” எடுத்துப் பார்த்தான், இருந்தது. அப்புறம் இருவரும் சேர்ந்தே செய்தோம். ஷூ சரியானபின் கைப்பிடியை 20 கிலோ விசையில் இழுத்து எண்ணினால் பெரும்பாலும் கேபிளில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்தான் இருக்கும். நட்டைக் கொஞ்சம் திருகி, கைப்பிடியை முழுக்க விட்டு, இரண்டு பின்சக்கரமும் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டால் கேபிள் வேலை முடிந்தது.

லோரிக்கு வருகிறேன். தோட்டத்தில் ஓடுகிற இசுசு, கேன்டர் போன்ற சின்ன லோரிகள் பலவற்றில் லேண்ட்ரோவரின் ஏற்பாடுதான். ஹேண்ட்பிரேக் டிரம் கியர்பெட்டியின் வாலில் இருக்கும். பின்சக்கரத்து ஷூவை மாற்றிவிட்டு, ஹேண்ட்பிரேக் இன்னும் பிடிக்கவில்லையே என்று மறுபடி சக்கரத்தைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த டிரம்முக்குத் தனி ஷூ, தனி அட்ஜஸ்டர். ஷூ முதலில், கேபிள் கடைசியில் என்ற வரிசை அங்கேயும் அதேதான். ஆனால் இந்த வகையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது, அதைத் தெரிந்தே தீர வேண்டும். ஹேண்ட்பிரேக் பிடிப்பது ஷாஃப்ட்டை. சக்கரத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. பின்சக்கரங்களில் ஒரு பக்கத்தை ஜாக் போட்டுத் தூக்கிவிட்டால், அந்தரத்தில் இருக்கிற சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்த்திசையில் உருளும். ஷாஃப்ட் அசையாமல் இறுகிப் பிடித்தபடியே இருக்கும், வண்டி மட்டும் நகரும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதை, அதுவும் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது.

ஒரு தோட்டத்தில் இப்படித்தான் நடந்தது. மண் சாலைச் சரிவில் டயர் மாற்ற ஜாக் போட்டார்கள். ஹேண்ட்பிரேக் முழுக்க இழுத்திருந்தது, அடைக்கட்டை மட்டும் இல்லை. பின்சக்கரம் தரையை விட்டதும் லோரி ஜாக்கைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்ச் செம்பனை வரிசைக்குள் பாய்ந்து ஒரு மரத்தில் மோதி நின்றது. டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பக்கவாட்டில் இருந்ததால் பிழைத்தார். எல்லாரும் ஹேண்ட்பிரேக்கைத்தான் குற்றம் சொன்னார்கள். வண்டியை என்னிடம் இழுத்து வந்தபோது பிரித்துப் பார்த்தேன். ஷூவில் லைனிங் தடிமனாக இருந்தது, அட்ஜஸ்டர் சரியாக இருந்தது, எந்தக் கோளாறும் இல்லை. அந்த ஓட்டுநரிடம் உட்கார்ந்து காகிதத்தில் டிஃபரன்ஷியலை வரைந்து காட்டினேன். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத்தன வருசமா யாரும் சொல்லலியே அண்ணே” என்றார். லைசென்ஸ் பாடத்திலேயே இதைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய லோரிகளின் ஸ்பிரிங் பிரேக் வேறு உலகம். காற்று இல்லாதபோது ஸ்பிரிங்தான் பிடிக்கும், காற்று வந்து அதை விலக்கும். அந்த அறையைச் சரியான கருவி இல்லாமல் பிரித்தால் உள்ளே அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும். அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

சரக்கு வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போக வேண்டும். 1994-இல் புஸ்பாகோம் பரிசோதனை நிலையம் வந்த பிறகு பிரேக்கை உருளையில் ஏற்றி இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று கருவியே காட்டிவிடுகிறது. எங்கள் தொழிலுக்கு அது பெரிய நன்மை. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத வித்தியாசம் எண்ணாக வந்து நிற்கும்போது வாடிக்கையாளரோடு வாதாட வேண்டியதில்லை. ஆனாலும் பரிசோதனைக்கு முதல் நாள் கேபிளை முடுக்கிக்கொண்டு போய்த் தேறிவிட்டு வருகிற வண்டிகள் இல்லாமல் இல்லை. உருளை அந்த ஒரு நேரத்துப் பிடியைத்தான் அளக்கும். டிரம்முக்குள் லீவர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கிறவன்தான் சொல்ல முடியும்.

என் சோதனை சரிவில். பாரம் ஏற்றிய வண்டியை மேல்நோக்கி நிறுத்தி ஒரு தடவை, திருப்பிக் கீழ்நோக்கி நிறுத்தி ஒரு தடவை. இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். நியூட்ரலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அடைக்கட்டையைச் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு வைத்துவிட்டு. யாரையும் கீழ்ப்பக்கம் நிற்க விடமாட்டேன்.

புது ஷூ அன்றைக்கே முழுப் பிடியும் தராது என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தேய்ந்த டிரம்மின் வட்டம் பெரியது, புது லைனிங்கின் வளைவு அதைவிடச் சின்னது. முதலில் நடுப்பகுதிதான் தொடும். சில நூறு கிலோமீட்டர் ஓடி லைனிங் டிரம்மோடு படிந்த பிறகுதான் முகம் முழுக்கத் தொடும். படிகிற காலத்தில் இடைவெளி கொஞ்சம் கூடும், கைப்பிடி ஓரிரு கிளிக் மேலே வரும். அப்போது யாரிடமாவது கொடுத்துக் கேபிளை முடுக்கிவிட்டால் செய்ததெல்லாம் வீண். மாட்டு வண்டிக்காரர் லாடத்தைப் பார்ப்பதுபோல ஓட்டுநரும் அந்த நாட்களில் கைப்பிடியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே வந்தால் என்னிடமே கொண்டுவரச் சொல்வேன். ரப்பர் மூடியை எடுத்துப் பல் சக்கரத்தைத் தள்ளிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

தீபாவளிக்கு வண்டியைப் பல நாள் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வேறு மாதிரி சொல்வேன். அது ஐப்பசி, அடைமழைக் காலம். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தால் டிரம் துருப்பிடித்து லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்து வண்டியை எடுக்கிறபோது லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து வந்ததும் உண்டு. சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்னும் பின்னும் அடைக்கட்டை வைத்துவிட்டு, கைப்பிடியை உள்ளே தள்ளிவிட்டுப் போகட்டும்.

புது லைனிங் படிந்த பிறகு செய்கிற அந்தச் சரிபார்ப்புக்கு நான் காசு வாங்குவதில்லை. காசு என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராத வண்டியும் நாளைக் காலையில் குலை ஏற்றச் சரிவில்தான் நிற்கும், பின்னால் இரண்டு பேர் கம்பியோடு நிற்பார்கள்.